பூட்டாத சைக்கிள்

அவர் மணியை மூன்று முறை அடிப்பார்.

பூட்டாமல் விட்ட சைக்கிள் ஒன்றைக் கண்டால் முதலில் அதன் இருக்கையில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். சூடு இருந்தால் ஓட்டிவந்தவர் பக்கத்தில்தான் எங்கோ நிற்கிறார் என்று அர்த்தம். பிறகு கைபிடியிலுள்ள மணியை அடிப்பார். கொஞ்சம் பொறுப்பார். மறுபடி அடிப்பார். மூன்றாவது அடிக்கும் யாரும் ஓடி வரவில்லை என்றால் சைக்கிளை உருட்டிக்கொண்டுபோய், கல்லூரி வாயிலுக்குப் பின்னால் உடைந்த கதிரைகள் போட்டிருந்த அறையில் வைத்துப் பூட்டிவிடுவார்.

"முதல் மணி உரிமைக்காரனுக்கு. ரெண்டாவது அவன்ட கூட்டாளிமாருக்கு. மூண்டாவது அல்லாஹ்வுக்கு" என்று சொல்வார். "மூண்டு பேரும் பேசாம இருந்தா சைக்கிள் எனக்கு."

எங்கள் நகரத்துக் கல்லூரியில் அவர் வாயிற்காவலாளி. பிள்ளைகளுக்கு வாச்சர் நானா. எனக்கும் அப்படித்தான். அறுபதை நெருங்கிய மெலிந்த மனிதர். வெள்ளைத் தொப்பி, காக்கி நிறம் வெளுத்துச் சாம்பலாகிப்போன சட்டை. இடுப்பில் பட்டிக்குப் பதிலாகப் பழைய சைக்கிள் டியூப் ஒன்றைக் கீறிக் கட்டியிருப்பார். கல்லூரியின் சாவிகள் எல்லாம் அதில்தான் தொங்கும். அவர் நடந்தால் சாவிகள்தான் முதலில் வரும்.

ஒளித்துவைத்த சைக்கிளை அவர் சும்மா கொடுத்துவிடமாட்டார். ஒன்றரை மணிக்குக் கல்லூரி விட்டதும் தொலைத்தவன் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நிற்பான். விசாரணை தொடங்கும்.

"உன்ட சைக்கிள் என்ன மாதிரி?"

"கறுப்பு, நானா."

"இந்த ஊர்ல அரைவாசி கறுப்புத்தான். முன் மட்கார்ட்ல என்ன கீறல்?"

"தெரியாது நானா."

"மணி என்ன நிறம்?"

"வெள்ளி."

"உன்ட சைக்கிள்ல மணியே இல்லடா! வாயாலதான் மணியடிச்சன் மூண்டு தரமும். ஒவ்வொரு நாளும் ஏறி வாறாய், அதுட முகம் தெரியாதா உனக்கு?"

சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். அவன் கூனிக் குறுகி சைக்கிளை வாங்கிக்கொண்டு போவான். மறுநாள் முதல் பூட்டுவான்.

ஆசிரியர் ஒருவருடைய சைக்கிளும் ஒருமுறை உள்ளே போனது. அவருக்கு வந்து கேட்கக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. இரண்டு நாள் முச்சக்கர வண்டியில் வந்து போனார். மூன்றாம் நாள் வாயிலில் குனிந்து, "நானா, என்ட சைக்கிள்..." என்றார். இவர் எழுந்து நின்று மரியாதையாகவே கேட்டாராம்: "பின் டயர் என்ன மாதிரி சேர்?"

கல்லூரி விடும் நேரம் அந்தத் தெருவைப் பார்த்தவர்களுக்கு, மகளை அங்கே சைக்கிளில் அனுப்பிய என் பயம் புரியும். பையன்கள் மூன்று நான்கு சைக்கிள்களில் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு வீதியை அடைத்துக்கொண்டு வருவார்கள். ஒரு சைக்கிளில் மூன்று பேர். பிரேக் இல்லாதவன் செருப்பைத் தேய்த்து நிறுத்துவான். பெண் பிள்ளைகள் ஒரு கையில் குடையோடு ஓட்டுவார்கள். எதிரே டிப்பர் லொறி வரும். இவர் நடுவீதியில் கையை நீட்டிக்கொண்டு நிற்பார். "ரோட்டை உங்கட வாப்பாமார் எழுதி வாங்கிட்டாங்களா? ஒதுங்குங்கடா!"

"வாச்சர் நானா, உங்கட சைக்கிள் எங்க?" என்று பையன்கள் கேலி செய்துகொண்டே போவார்கள். அவர் சைக்கிள் ஓட்டுவதை யாரும் பார்த்ததில்லை. எங்கே போனாலும் நடைதான்.

"என்டது வடக்கில நிக்கி. பூட்டித்தான் இரிக்கி. நீ உன்டத பாரு."

அதை அவர்கள் பகிடி என்று நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

கல்லூரிக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த உப தபாலகத்தில் எனக்கு வேலை. வாரத்தில் இரண்டு நாள் கல்லூரியின் கடிதங்களைக் கொண்டுவருவார். முத்திரை குத்தும்வரை அங்கிருந்த மரவாங்கில் உட்கார்ந்து கதைப்பார். ஆட்களை அல்ல, சைக்கிள்களைத்தான் விசாரிப்பார். "மிஸ், உங்கட மகள்ட சைக்கிள்ல பிரேக் கட்டை தேஞ்சிட்டு. மாத்துங்க." அடுத்தவர் வீட்டு நோயாளியைப் பற்றிச் சொல்வதுபோல் குரலைத் தாழ்த்திச் சொல்வார்.

ஒரு நாள் வேறு ஆட்கள் இல்லாதபோது கேட்டேன். "உண்மையாவே வடக்கில உங்களுக்குச் சைக்கிள் இரிக்கா நானா?"

டியூப் பட்டியிலிருந்து ஒரு சாவியைப் பிரித்துக் காட்டினார். சின்னச் சாவி, துரு ஏறிப் பல் எல்லாம் தேய்ந்திருந்தது. இருபத்தைந்து வயதில், போர்க்காலத்தில், ஆயுதம் ஏந்தியவர்கள் வடக்கு முஸ்லிம்கள் எல்லாரையும் ஊரைக் காலி பண்ணச் சொன்ன நாளில், சைக்கிளில் மூட்டையை வைத்துச் சோதனைச் சாவடி வரைக்கும் உருட்டி வந்திருக்கிறார். அதற்கு அப்பால் சைக்கிள் போகக்கூடாது என்றார்களாம். இவர் அதை ஒரு மரத்தடியில் நிறுத்திப் பூட்டிவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு நடந்தார்.

"பூட்டி என்ன செய்யப் போறாய் எண்டு ஒருத்தன் சிரிச்சான். திரும்பி வரக்குள்ள வேணுமே எண்டன்." அவரும் சிரித்தார். "சைக்கிள் அவனுகள்ட்ட. சாவி என்ட கிட்ட. ரெண்டு பேருக்கும் பிரயோசனம் இல்ல."

நான் சிரிக்கவில்லை. ஆனால் அன்று மாலை வீட்டில் இதைச் சொல்லும்போது "அந்த அகதி வாச்சர்" என்றுதான் சொன்னேன். முப்பது வருடத்துக்கு மேல் இந்த ஊரிலேயே வாழ்ந்த மனிதரைப் பற்றி எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அதில் பிழை இருப்பதாக அப்போது தோன்றவில்லை.

என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரே பிள்ளை. அப்போது பதினேழு வயது. உயர்தரத்தில் விஞ்ஞானம் எடுத்திருந்தாள். அவளுடைய வாப்பாவுக்குக் கட்டாரில் வேலை. வீட்டில் நானும் அவளும்தான். பாலாவியிலிருந்து நகரத்துக்கு உப்பளத்து வீதியால் சைக்கிளில் போய் வருவாள். முதல் சைக்கிள், பின்னேர வகுப்பு நடக்கும் டியூட்டரி வாசலில் களவு போனது. கூட்டாளியிடம் பாடக் கொப்பி வாங்க ஐந்து நிமிடம் உள்ளே போனாளாம். திரும்பி வந்தபோது இல்லை. பொலிசில் முறைப்பாடு எழுதினோம். அத்தோடு சரி.

இரண்டாவது சைக்கிள் வந்த நாளில் அவளை நிறுத்திவைத்து ஒன்று சொன்னேன். "இதையும் களவு குடுத்துட்டு வந்தா, வூட்டுப் படி ஏறிடாதே." ஒரு தரம் சொல்லி விட்டிருந்தால் பரவாயில்லை. ஒவ்வொரு காலையும் தண்ணீர்ப் போத்தலைக் கொடுக்கும்போது சொன்னேன். பார்த்துப் போ, ஓரமாகப் போ, பூட்டு, படி ஏறிடாதே. பயந்தவர்களுக்கு வாய் ஓயாது. அவள் தலையாட்டிவிட்டுப் போவாள். சொற்கள் எல்லாம் ஒரே இடத்தில்தான் போய் விழுகின்றன, அவள் எதையும் எடுத்து வைத்துக்கொள்வதில்லை என்று நினைத்திருந்தேன்.

போன வருடம், நோன்புக்கு முந்திய மாதம். பன்னிரண்டு மணியளவில் அவர் தபாலகத்துக்கு வந்தார். கல்லூரி அதிபர் கொடுத்தனுப்பிய பதிவுத் தபால்கள் ஒரு கட்டு.

"மிஸ், இண்டைக்கு உங்கட மகள்ட சைக்கிள் என்ட அறையில."

நிமிர்ந்து பார்த்தேன். "பூட்டல்லயா?"

"பூட்டு இரிக்கி. பூட்டல்ல. மூண்டு தரம் அடிச்சன். மேல்மாடில சயன்ஸ் லெப்ல இருந்திருப்பா, கேட்டிராது." பிறகு, "சாவியத் துலைச்சிட்டுப் போல. உங்களுக்குச் சொல்லப் பயம்" என்றார்.

அது சரிதான் என்று பிறகு தெரிந்தது. சாவி தொலைந்து நான்கு நாளாகியிருந்தது. அந்த நேரத்தில் எனக்கு வந்தது கோபம் மட்டும்தான். முத்திரையை ஓங்கிக் குத்திக்கொண்டே சொன்னேன்.

"நானா, உடனே குடுத்துடாதீங்க. கொஞ்சம் தேடட்டும். அழட்டும். பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு குடுங்க. அப்பத்தான் புத்தி வரும்."

அவர் கடிதங்களின் பற்றுச்சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "பொம்புளப் புள்ள மிஸ். பாவம். மத்தப் புள்ளைகளுக்கு முன்னால..."

"உம்மா நான்தானே சொல்றன்."

"சரி" என்றார். ஒன்றரை மணிக்கு வாயிலில் நின்றால் அவள் அழுவதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்க அவரால் முடியாது. அதனால் அவர் உடனே திரும்பிப் போகவில்லை. பள்ளிவாசலில் லுஹர் தொழுதார். தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தார். கல்லூரிக்குப் போகும்போது இரண்டரை தாண்டிவிட்டது. வாயிலில் யாரும் இல்லை. பஸ்ஸில் வீட்டுக்குப் போயிருப்பாள், பின்னேரம் உம்மாவோடு வருவாள் என்று நினைத்துக்கொண்டார்.

நான் தபாலகத்தை மூடி ஐந்தேகாலுக்கு வீட்டுக்கு வந்தேன். கதவு பூட்டியபடி இருந்தது.

அவளுடைய கூட்டாளிப் பெண்ணைத் தொலைபேசியில் பிடித்தேன். "ஆண்டி, அவள்ட சைக்கிள களவெடுத்திட்டாங்க. வாச்சர் நானா ஒளிச்சிருப்பார் எண்டு நாங்க சொன்னம். ஆனா அவர் பகல் தொடக்கம் இல்ல. காலையில அவர் எடுக்கல்ல, பத்து மணிக்கும் சைக்கிள் நிண்டது எண்டு ஒருத்தன் சொன்னான். அப்ப களவுதான் எண்டு அழுதா. பஸ்ஸுக்கும் வரல்ல. தனியா நடந்து போனா."

என் தம்பியையும் கல்லூரிக்கு வரச்சொல்லிவிட்டு முச்சக்கர வண்டியில் ஓடினேன். அவர் சைக்கிளை அறையிலிருந்து வெளியே எடுத்து, வாயிலில் தன் கதிரைக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்துக்கொண்டு எங்களுக்காகக் காத்திருந்தார். பிரேக் கட்டைகள் புதிதாக இருந்தன. அவரே மாற்றியிருந்தார்.

என் முகத்தைப் பார்த்ததும் எழுந்தார். "இன்னும் வரல்லயா?"

"இல்ல."

"மிஸ், அவவுக்கு என்ன சொல்லி வச்சிருந்தீங்க?"

"என்ன சொல்றது? ஒண்டும் சொல்லல்ல."

"பயப்படுத்தி ஏதும்?"

"இல்ல நானா!"

தம்பி பக்கத்தில் நின்றான். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் மகளின் சைக்கிளில் ஏறினார். முன்னால் கூடை வைத்த பெண் பிள்ளைச் சைக்கிள். அதன் உயரத்துக்கு அவருடைய முழங்கால் கைபிடியில் இடித்தது. ஆட்டம் கண்டு, விழப்பார்த்து, நேராகி, தெருமுனையில் திரும்பினார். அவர் சைக்கிள் ஓட்டி நான் பார்த்தது அன்று ஒரு தரம்தான்.

நானும் தம்பியும் டியூட்டரிகளுக்குப் போனோம். பஸ் நிலையம், களப்புக்கரை, கூட்டாளிகளின் வீடுகள். களப்புக்கரையில் தண்ணீரை உற்றுப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. தம்பிதான் போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

அவர் எங்கும் தேடி அலையவில்லை. நேராக உப்பளத்து வீதிக்குப் போயிருக்கிறார். எங்கள் வீட்டுக்கு இன்னும் அரை மைல் இருக்கும் இடத்தில், உப்பைக் குவித்துத் தென்னங்கிடுகால் மூடி வைத்திருப்பார்கள். அந்தக் குவியல்கள் தொடங்கும் இடத்தில் சைக்கிளை நிறுத்தி மணியடித்தார். கொஞ்சம் தள்ளிப் போய் மறுபடி அடித்தார். மூன்றாவது அடிக்கு ஒரு குவியலின் பின்னாலிருந்து அவள் எழுந்து வந்தாள். அவளுக்குத் தன் மணியின் சத்தம் தெரிந்திருந்தது. பின்னேரம் மூன்று மணியிலிருந்து அங்கே இருந்திருக்கிறாள். உதடு வெடித்து, கால்விரல் இடுக்கெல்லாம் உப்புத் தின்று சிவந்திருந்தது.

எப்படி அங்கே தேடத் தோன்றியது என்று என் தம்பி பிறகு கேட்டான். "வூட்டுக்குப் போக ஏலாத ஆள் வூட்டை விட்டுத் தூரம் போகாது தம்பி" என்றார். "வூடு தெரியிற இடத்திலதான் நிக்கும். நாங்க முப்பது வருசமா அப்படித்தானே நிக்கம்."

பொழுது சாய்ந்து மஃரிபுக்கு அதான் சொல்லி முடிந்திருந்தது. தம்பியும் நானும் ஒன்றும் கிடைக்காமல் வீட்டுக்குத் திரும்பியிருந்தோம். தெருவில் அவள் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள். அவர் பத்தடி பின்னால், தலையைக் குனிந்தபடி நடந்து வந்தார். சந்தியில் தேநீர்க் கடை வாசலில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

நான் வாசலுக்கு ஓடினேன். அவள் முற்றத்திலேயே நின்றுவிட்டாள். படியில் கால் வைக்கவில்லை. சைக்கிளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"உம்மா, சைக்கிள் வந்துட்டு. உள்ள வரலாமா?"

அவர் வேலியடியில் நின்றார். அவருக்கு அது கேட்டது. அவர் என்னைப் பார்க்கவில்லை. தொப்பியைக் கழற்றி, தட்டி, மறுபடி போட்டுக்கொண்டு திரும்பி நடந்தார்.

அடுத்த நாளே ஊரில் கதை எழும்பிவிட்டது. அகதி வாச்சர் பெண் பிள்ளையின் சைக்கிளை ஒளித்துவைத்தான். அவளை உப்பளத்துக்கு வரவைத்தான். இருட்டும்போது கூட்டிக்கொண்டு வந்தான். ஒவ்வொரு வாயிலும் அதற்கு ஒரு கையோ காலோ முளைத்தது. அவளுடைய வாப்பா கட்டாரிலிருந்து பேசி அழுதார். தம்பி பல்லைக் கடித்தான்.

"ராத்தா, நாங்க பேசாம இருந்தா ஊர் எங்கட புள்ளயத்தான் கதைக்கும். முறைப்பாடு ஒண்டு குடுப்பம். சைக்கிள எடுத்தது அவர். நேரத்துக்குக் குடுக்காதது அவர். பொய் ஒண்டும் இல்லயே."

பொய் ஒன்றும் இல்லைத்தான். தம்பி சொல்லச் சொல்ல நானே எழுதினேன். தபாலகத்தில் எத்தனையோ பேருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். என் எழுத்து அழகாக இருக்கும். 'காவலாளி' என்று எழுதினேன். அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. யாரிடமும் கேட்கவும் இல்லை.

அதிபரின் அறையில் எல்லாரையும் கூப்பிட்டார்கள். மகளை வீட்டிலேயே விட்டுவிட்டு நானும் தம்பியும் போனோம். அவர் கதவுக்குப் பக்கத்தில் நின்றார். கதிரை இருந்தும் உட்காரவில்லை.

அதிபர் நல்ல மனிதர். அவரைக் காப்பாற்றத்தான் பார்த்தார். "நீங்க சைக்கிள்களை எடுத்து வைக்கிறது எனக்கும் தெரியும். கல்லூரி விட்டதும் குடுத்திடுவீங்க. அண்டைக்கு மட்டும் ஏன் குடுக்கல்ல? யாராவது சொன்னாங்களா?"

என் மடியில் கைப்பை இருந்தது. அதன் வாரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தேன். நானா வாயைத் திறந்தால் தம்பிக்குத் தெரியும், கட்டாருக்குத் தெரியும், மகளுக்குத் தெரியும். நானே சொல்லியிருக்கலாம். ஒரு வசனம்தான். 'சேர், நான்தான் சொன்னேன்.' அந்த வசனம் எனக்குள் முழுதாக இருந்தது. ஒவ்வொரு எழுத்தும் இருந்தது.

"ஒருத்தரும் சொல்லல்ல சேர்" என்றார். "மறந்துட்டன்."

முந்நூறு சைக்கிள்களின் முகம் தெரிந்த மனிதர் அதைச் சொன்னார். அதிபர் நம்பவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. ஆனால் மறதியுள்ள காவலாளியை வைத்திருப்பது எப்படி? சம்பளப் பட்டியலில் இல்லாத, பெற்றோர் சங்கம் வைத்த வேலை அது. அனுப்பிவிடுவது சுலபம். நானா இடுப்பிலிருந்த டியூப் பட்டியை அவிழ்த்துச் சாவிகளோடு மேசையில் வைத்தார். பிறகு, "இது மட்டும் என்டது" என்று அந்தச் சின்னத் துருச் சாவியை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டார். என்னைக் கடந்து போகும்போது ஸலாம் சொன்னார். நான் பதில் சொன்னேனா என்பது நினைவில்லை.

அதன் பிறகு கல்லூரியில் ஒன்றன்பின் ஒன்றாகச் சைக்கிள்கள் களவு போகத் தொடங்கின. புதிதாக வந்த பொடியன் வாயிலில் கைபேசி பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கமரா பொருத்தினார்கள். தொப்பியால் முகத்தை மறைத்த ஒருவன் பூட்டாத சைக்கிளை எடுத்துக்கொண்டு சாவகாசமாகப் போவது அதில் தெளிவாகத் தெரிந்ததாம். பார்த்துக்கொண்டிருக்கத்தான் அதற்குத் தெரியும்; மணியடிக்கத் தெரியாது.

மகள் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. ஒரே ஒரு தரம் சோறு சாப்பிடும்போது சொன்னாள். "வாச்சர் நானாட்ட வழியில கேட்டன் உம்மா, ஏன் நேரத்தோட தரல்ல எண்டு. மறந்துட்டன் புள்ள, வயசு போயிட்டு எண்டார். பாவம்." நான் அவள் தட்டில் மீன்குழம்பை ஊற்றினேன். இன்னும் இரண்டு அகப்பை ஊற்றினேன். "போதும் உம்மா" என்றாள்.

இந்த வருடம் தொடக்கத்தில் ஒரு பதிவுத் தபால் வந்தது. கல்லூரி முகவரிக்கு, வடக்கில் ஓர் அரச அலுவலகத்தின் முத்திரையோடு. தபால்காரர் அதைத் திருப்பிக் கொண்டுவந்து என் மேசையில் போட்டார். "அந்தப் பேர்ல அங்க ஒருத்தரும் இல்லையாம் மிஸ்."

உறையின் மேல் இருந்த பெயரை வாசித்தேன். நீளமான, அழகான பெயர். வாப்பாவின் பெயரும் சேர்ந்திருந்தது. முகவரிக்குக் கீழே அடைப்புக்குள் 'காவலாளி' என்று இருந்தது. அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. தேவைப்பட்ட நேரத்தில் கேட்காத பெயரை இப்போது எழுத எனக்கு உரிமை இல்லை.

பதிவுத் தபாலை ஆள் வருகிறாரா என்று ஏழு நாள் வைத்திருக்கலாம். நான் விசாரித்தேன். பள்ளிவாசல்துறைப் பக்கம் ஒரு மீன் வாடியில் காவலுக்கு இருப்பதாகச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். நுரைச்சோலை தாண்டும்வரை என்ன சொல்வது என்று மனப்பாடம் செய்துகொண்டே போனேன்.

வாடியில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்த பெண் சிரித்தாள். "அந்த மனிசனா? அவர் போய் மூணு மாசம் இருக்கும் அக்கா. இங்க கடலுக்குப் போற ஆக்கள் சைக்கிளைக் கரையில போட்டுட்டுத்தான் போறது. ஆர் எடுக்கப் போறான்? இந்த மனிசன் எல்லாத்தையும் ஒண்டாச் சேத்து வலைக்கயித்தால கட்டிப்போடுவார். கடலால களைச்சு வாற ஆக்கள் முடிச்சை அவிழ்க்க ஏலாமக் கெட்ட தூசணத்தால பேசுவாங்க. கடைசியா முதலாளி போகச் சொல்லிட்டார்."

"எங்க போனார்?"

"தெரியாது. நடந்துதான் போனார்."

கரையில் ஏழெட்டுச் சைக்கிள்கள் மணலில் சாய்ந்து கிடந்தன. ஒன்றும் பூட்டியிருக்கவில்லை. ஒன்றின் கைபிடியில் மட்டும், யாரோ அவிழ்க்கப் பொறுமையில்லாமல் அறுத்துவிட்ட பச்சைக் கயிற்றின் முடிச்சு இன்னும் இருந்தது.

ஏழாம் நாள் தபால் நேரத்துக்கு முன்னால் கடிதத்தை எடுத்தேன். திருப்பி அனுப்பும் காரணத்தை உறையில் எழுத வேண்டும். 'அறியப்படாதவர்' என்று எழுதலாம். எழுத முடியவில்லை. 'போய்விட்டார்' என்று எழுதி, கீழே என் கையொப்பத்தை வைத்தேன். அது அவருடைய காணியைப் பற்றிய கடிதமாக இருக்கலாம். வேறு எதுவாகவும் இருக்கலாம். பைக்குள் போட்டுக் கட்டி, அரக்கு முத்திரை வைத்தேன்.

அன்று மாலை மகள் டியூட்டரியிலிருந்து வந்து முற்றத்தில் சைக்கிளை நிறுத்தினாள். அந்த நாளுக்குப் பிறகு அவள் படிக்கு முன்னால் ஒரு நொடி நிற்பாள். தெரிந்து செய்கிறாளா தெரியாமலா என்று நான் கேட்டதில்லை. அன்று அவள் அப்படி நின்றபோது, வாசலில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். தபாலகத்தில் நான் சொன்னதை. அதிபரின் அறையில் சொல்லாததை.

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவருக்கு மறதி இல்லயா உம்மா?"

"இல்ல."

அவள் சைக்கிளைச் சுவரோரமாக உருட்டிக்கொண்டுபோய் நிறுத்தினாள். பூட்டினாள். சாவியைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டு என்னைக் கடந்து உள்ளே போனாள்.

மறுநாள் காலையில் நடந்து போனாள். அதற்கு அடுத்த நாளும். தண்ணீர்ப் போத்தலைக் கொடுக்கும்போது இப்போதெல்லாம் நான் எதுவும் சொல்வதில்லை. டயர்களில் காற்று இறங்கிவிட்டது. கைபிடியில் உப்புக் காற்று பட்டுத் துரு பிடிக்கத் தொடங்கியிருக்கிறது. துடைக்கலாம் என்று போனால், முதலில் உள்ளங்கை இருக்கையின் மேல்தான் போகிறது. சூடு இருக்கும். அது வெயிலின் சூடு.